இறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே

இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்பதில் கிறிஸ்தவ சபைகளுக்குள் பெரிய பிணக்கு இருந்ததில்லை. இறந்த நொடிக்கும் உயிர்த்தெழும் நாளுக்கும் நடுவே அந்த மனிதரின் நிலை என்ன என்பதில்தான் பிணக்கு. ஆன்மா உணர்வோடு வாழ்கிறது என்பது பெரும்பாலான சபைகளின் போதனை. அது உறங்குகிறது என்பது இரண்டாவது பதில். உடலோடு ஆன்மாவும் அழிகிறது, கடவுள் கடைசி நாளில் மனிதரை முழுமையாக மறுபடி எழுப்புகிறார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கருத்து ஒன்றும் புதிதல்ல. மூன்றாம் நூற்றாண்டில் அரேபியாவில் சிலர் அதைப் போதித்ததையும், ஓரிகன் அங்கே போய் வாதாடி அவர்கள் மனத்தை மாற்றியதையும் யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் பதிந்திருக்கிறார்.

விவிலியத்தில் எல்லாத் தரப்புக்கும் ஆதாரம் கிடைக்கிறது. விவாதம் ஓயாததற்கு அதுவே முதல் காரணம். இறந்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்கிறது பிரசங்கி நூல். தானியேல் 12ஆம் அதிகாரம் அவர்களை மண்ணில் உறங்குகிறவர்கள் என்கிறது. மறுபக்கம், சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு அன்றைக்கே பரதீசை வாக்களிக்கிறார். உலகை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஏங்குவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். கள்வனுக்குச் சொன்ன வாக்கில் 'இன்று' என்பதை, பரதீசில் சேரும் நாளாகக் கொள்ளாமல் வாக்குக் கொடுத்த நாளாகக் கொள்ள வேண்டும் என்று உறக்கக் கொள்கையினர் வாதிடுவது உண்டு. பழைய கிரேக்கச் சுவடிகளில் நிறுத்தக்குறி இல்லாததால் இலக்கணம் இதைத் தடுப்பதில்லை. ஆயினும் இயல்பான வாசிப்பு அதுவல்ல. அவர்களுடைய வலுவான சான்று வேறொன்று. உறவினரை இழந்து கலங்கிய தெசலோனிக்கேயருக்குப் பவுல் ஆறுதல் எழுதியபோது, இறந்தவர்கள் இப்போது விண்ணகத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. கிறிஸ்துவின் வருகையில் எழுந்திருப்பார்கள் என்றே சொன்னார்.

ஆன்மா இயல்பாகவே அழியாதது என்ற எண்ணத்தைப் பிளேட்டோ வலுவாக வகுத்திருந்தார். தொடக்ககாலத் திருச்சபை அதைத் தயக்கத்தோடுதான் அணுகியது. உயிர்த்தெழுதலை மறுத்துவிட்டு, இறந்தவுடன் ஆன்மா விண்ணகம் சேரும் என்போரைக் கிறிஸ்தவராகவே கருத வேண்டாம் என்று இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஆன்மாவின் அழியாமையையும் உயிர்த்தெழுதலையும் இணைக்க முயன்றார். அவர் கணக்கில், உடலை விட்ட ஆன்மா நிலைத்திருக்கும். ஆனால் அது முழு மனிதர் அல்ல, உடலின்றிக் குறைபட்டே நிற்கும். இந்த விவாதத்தில் பிறந்த பதில்களில் மிக நேர்மையானது இது.

திருத்தந்தை ஒருவரே இந்தக் கேள்வியில் இடறியதும் உண்டு. 1331 இறுதியில் அவிஞோனில் இருபத்திரண்டாம் யோவான், புனிதர்களின் ஆன்மாக்கள் கடவுளை நேருக்கு நேர் காண்பது இறுதித் தீர்ப்புக்குப் பிறகே என்று மறையுரை ஆற்றினார். பாரிஸ் இறையியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1334 டிசம்பரில், இறப்பதற்கு முந்தின நாள், அவர் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல், தூய்மையான ஆன்மாக்கள் தீர்ப்பு நாளுக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று அறுதியிட்டு ஆணை வெளியிட்டார். 1513இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆன்மா அழியும் என்ற போதனையைக் கண்டித்தது.

சீர்திருத்தக் காலத்தில் இதே கேள்வி, இறந்தோரின் ஆன்மாக்கள் வேதனைப்பட்டுத் தூய்மையாகும் நிலையான உத்தரிக்கும் தலத்தோடு பிணைந்தது. ஆன்மா உறங்கினால் அதற்கு வேதனையும் இல்லை, அதைக் குறைக்கும் பலன்களை விற்கவும் வழியில்லை. 1520களில் லூத்தர் உறக்கக் கருத்தின் பக்கம் சாய்ந்தார், ஆனால் அதிலேயே நிலைத்து நிற்கவில்லை. இங்கிலாந்தின் வில்லியம் டிண்டேல் 1531இல் தாமஸ் மோருக்கு எழுதிய மறுப்பில் எழுப்பிய கேள்வி இன்றும் கூர்மை மழுங்காதது: ஆன்மாக்கள் ஏற்கெனவே விண்ணகத்தில் இருந்தால், உயிர்த்தெழுதலை நிலைநாட்டக் கிறிஸ்துவும் பவுலும் முன்வைத்த வாதங்கள் எதற்கு? இந்தக் கருத்து அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த சண்டை காட்டியது. 1534இல் அவருடைய வட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஜாய், டிண்டேலின் புதிய ஏற்பாட்டை அவருடைய அனுமதியின்றித் திருத்திப் பதிப்பித்தார். 'உயிர்த்தெழுதல்' வந்த சில இடங்களில் 'இந்த வாழ்வுக்குப் பின்னான வாழ்வு' என்று மாற்றினார். டிண்டேல் அதே ஆண்டு வெளியிட்ட தம் திருத்திய பதிப்பில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரே சிறு வட்டத்தைச் சேர்ந்த, ஒரே துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடிய இருவரை இந்தக் கேள்வி பகைவர்களாக்கியது.

கால்வின் எதிர்ப்பக்கம் நின்றார். 1534இல் எழுதி 1542இல் அச்சேற்றிய அவருடைய முதல் இறையியல் நூலே உறக்கக் கொள்கைக்கு மறுப்புத்தான். அவருடைய பார்வையே சீர்திருத்தச் சபைகளில் நிலைத்தது. ஆன்மாக்கள் சாவதுமில்லை, உறங்குவதுமில்லை என்று 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை வேறு வழியில் போனது. 1553இல் அது வகுத்த 42 விதிகளில் 40ஆவது உறக்கக் கொள்கையைக் கண்டித்தது. 1563இல் விதிகளைச் சீரமைத்தபோது அந்தக் கண்டனம் கைவிடப்பட்டது. ஆங்கிலிக்கர்கள் இந்தக் கருத்தைப் பேச ஓரளவு இடம் கிடைத்தது. கவிஞர் மில்டனும் ஆன்மா உடலோடு இறப்பதாகவே நம்பினார் என்பது 1825இல் வெளியான அவருடைய இறையியல் நூலால் தெரியவந்தது. 1863இல் அமைப்பாக உருவான ஏழாம் நாள் அட்வெந்து சபை இறந்தோரின் உறக்கத்தைத் தன் அடிப்படைப் போதனைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. யெகோவாவின் சாட்சிகளும் ஆன்மா இறக்கும் என்றே போதிக்கிறார்கள்.

1955இல் ஹார்வர்டில் இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் ஆற்றிய உரை விவாதத்தை மீண்டும் மூட்டியது. சாக்ரட்டீஸ் மரணத்தை நண்பனைப் போல வரவேற்றார், இயேசுவோ கெத்சமனியில் கலங்கி அழுதார். மரணம் உண்மையான பகைவன் என்பதால்தான் உயிர்த்தெழுதல் வெற்றியாகிறது என்பது அவருடைய வாதம். அதற்கு விசுவாசிகளிடமிருந்தே சினமும் வேதனையும் கலந்த எதிர்ப்பு வந்தது. 1979இல் வத்திக்கான், மனிதரின் ஆவிக்குரிய கூறு உணர்வோடும் விருப்பத்தோடும் நிலைத்திருக்கிறது என்று மறுபடி உறுதிசெய்தது. அது நிலைத்திராவிட்டால் இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கர் ஏறெடுக்கும் மன்றாட்டு பொருளற்றதாகிவிடும்.

ஆன்மா நிலைப்பதில்லை என்போர் இன்னும் தீர்க்காத கேள்வி ஒன்று உண்டு: எல்லாம் அழிந்த பிறகு கடவுள் எழுப்புகிறவர் இறந்த அதே மனிதரா, அவரைப் போன்ற இன்னொருவரா? நிலைத்திருக்கும் ஆன்மா இந்தத் தொடர்ச்சியைக் காக்கிறது. எனவே அந்த அளவில் பழைய போதனையே வலுவானது. ஆனால் ஆன்மாவின் இப்போதைய இன்பத்தைக் குறையற்றதாக வருணித்து, உயிர்த்தெழுதலைத் தேவையற்ற இணைப்பாக்கும் மறையுரை எந்தச் சபையில் கேட்டாலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தின் முன் அது நிற்காது.