விநதையின் முட்டையும் கருடனின் கூடும்

திருக்கோயில்களிலே கும்பாபிஷேகப் பெருஞ்சாந்தி நடைபெறும் வேளையில், யாகசாலையிலிருந்து கும்பங்கள் புறப்பட்டு விமானத்தை அடையும்பொழுது அடியார்களின் கண்கள் ஆகாயத்தையே நாடுகின்றன. அங்கே கருடன் வட்டமிட்டுவிட்டால் "அரோகரா" என்னும் ஒலி வீதி முழுவதும் எழும். சிவாலயமாயினும் முருகன் கோயிலாயினும் அம்மன் ஆலயமாயினும் இவ்வழக்கம் ஒன்றே. வெண்மையான தலையும் மார்பும், செம்மண் நிறச் சிறகும் கொண்ட அப்பறவையைச் செம்பருந்து என்றும் கிருஷ்ணப் பருந்து என்றும் அழைப்பர்.

இறக்காமத்துக் குளக்கட்டிலும் அதனைச் சூழ்ந்த வட்டைகளிலும் நடமாடுவோருக்கு இப்பறவை புதியதன்று. மீனும் நண்டும் தவளையும் உள்ள இடத்தை அது தேடி வரும். ஆனால் வானத்திலே கண்டு கைகூப்பப்படும் கருடனுக்கு மரத்திலே ஒரு வீடு உண்டு என்பதை நினைப்பவர் சிலரேயாவர்.

கருடனின் பிறப்பை மகாபாரதத்தின் ஆதிபர்வம் கூறுகின்றது. காசியப முனிவரின் பத்தினியர் கத்ருவும் விநதையும். கத்ரு ஆயிரம் முட்டைகளை இட்டாள். விநதை இரண்டே இட்டாள். ஐந்நூறு ஆண்டுகள் சென்றபின் கத்ருவின் முட்டைகளிலிருந்து நாகங்கள் வெளிவந்தன. தன் முட்டைகள் அசையாதிருப்பதைக் கண்ட விநதை பொறுமையிழந்து ஒன்றை உடைத்துப் பார்த்தாள். உள்ளே மேலுடல் மாத்திரம் வளர்ந்த அருணன் இருந்தான். "பொறுக்கமாட்டாத நீ அடிமையாவாய். மற்ற முட்டையையாவது உடைக்காமல் காத்திரு; அதிலிருந்து வருபவன் உன்னை மீட்பான்" என்று தாயையே சபித்தான். மீண்டும் ஐந்நூறு ஆண்டுகள் காத்திருந்தாள் விநதை. அவ்வாறு காக்கப்பட்ட முட்டையிலிருந்து தோன்றியவரே கருடாழ்வார். குறையுடலோடு சூரியனின் தேர்ப்பாகனான அந்த அருணனின் புதல்வர்களே சம்பாதியும் சடாயுவும் என்று இராமாயணம் கூறும். பெற்ற தாயின் கையே ஆனாலும் காலம் வருமுன் முட்டையைத் தொட்டால் அது குற்றமாயிற்று. அவ்வாறிருக்க, மரமேறிக் கல்லெறியும் கையைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

இந்நாட்டுச் சட்டமும் இதனையே வேறு மொழியிலே சொல்கிறது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 2009 இல் வந்த திருத்தம் அவற்றுள் முக்கியமானது. பட்டியலிட்டு விலக்கப்பட்ட சில இனங்களைத் தவிர ஏனைய காட்டுப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும், அவற்றின் முட்டையை எடுப்பதும், கூட்டை அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். இதனை நடைமுறைப்படுத்துவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அமெரிக்காவிலே 1940 இல் கழுகுக்கென்றே தனிச்சட்டம் இயற்றினார்கள். அங்கு பறவை இல்லாத வெறுங்கூட்டையும் அனுமதியின்றிக் கலைக்கக் கூடாது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கழுகினங்கள் பல அடுத்த ஆண்டும் அதே கூட்டுக்குத் திரும்பிவந்து, புதிய சுள்ளிகளைச் சேர்த்துக் குடியேறுகின்றன. இக்கரையோரத்து வெண்வயிற்றுக் கடற்கழுகும் அவ்வாறே செய்யும். வயலுக்குப் போனவனின் வீட்டை வெறும் வீடு என்று எவரும் இடிப்பதில்லை.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் உகந்தைமலை முருகனை வணங்கிக் குமண வனத்துள் நுழைகிறார்கள். 1938 இலேயே பறவைகளுக்கெனச் சரணாலயமாக்கப்பட்ட பூமி அது. அங்கே கொப்பொடிக்காதே, மிருகங்களைச் சீண்டாதே என்றால் அதை முருகன் கட்டளையாகவே ஏற்று நடக்கின்றனர். ஊர் திரும்பியதும் அந்தப் பயம் போய்விடுகிறதே, அதுதான் விசனம்.

கோயில் வீதியில் நிற்கும் ஆலமரத்திலோ அரசமரத்திலோ பருந்து கூடு கட்டினால் முதலில் எழும் முறைப்பாடு, "மீன்முள் விழுகிறது, எச்சம் விழுகிறது, புனிதம் கெடுகிறது" என்பதாகும். இது பொய்யான முறைப்பாடன்று. மச்சமாமிசம் அணுகக்கூடாத இடத்தில் மீன்முள் கிடப்பது மனதுக்கு ஒவ்வாததே. ஆயினும் அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்தியது திருவீதியில் கிடப்பதை அகற்றுதற்கே. காலையில் ஒருமுறை தும்புத்தடியால் கூட்டினால் தீரும் காரியத்துக்குக் கொப்பை வெட்டி, குஞ்சை நிலத்தில் வீழ்த்துவது எந்த ஆகமத்தில் உள்ளது?

கூட்டுக்கு மாத்திரம் காவல் போட்டாலும் போதாது. திருக்கழுக்குன்றத்து மலையிலே நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, குருக்கள் ஊட்டும் சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றன. மஞ்சள்முகப் பாறு என்னும் இனம் அது. 1990களுக்குப் பின் அவை வரவில்லை. அவை வராமற்போன காரணம் எதுவாயினும், அதே காலத்தில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 1992 தொடக்கம் 2007 வரை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. மாடுகளுக்கு ஏற்றிய டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004 இல் தெரியவந்தது. 2006 இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பாவிப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. கூட்டை எவரும் தொடவில்லை, முட்டையை எவரும் உடைக்கவில்லை, பறவை போய்விட்டது. வேளாண்மையில் எலிக்கு நஞ்சு வைப்போரும் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. நஞ்சுண்டு தள்ளாடும் எலியைத்தான் கூகையும் பருந்தும் எளிதிற் பிடிக்கும்.

வட்டையிலே சைவரும் முஸ்லிம்களும் வரம்புக்கு வரம்பு அயலவர். பறவையிடமிருந்து எடுத்த குஞ்சுகளைத் திரும்பத் தாயிடமே விடும்படி நபிகள் நாயகம் பணித்ததாக ஹதீஸ் உண்டு. ஆகவே கூட்டைக் காக்கும் விடயத்தில் இரு சாராருக்கும் பிணக்குக்கு இடமில்லை.

கருடன் கூடு கட்டுவது பெரும்பாலும் மார்கழி முதல் சித்திரை வரையாகும். கும்பாபிஷேகங்களோ உத்தராயணத்திலே, தை பிறந்தபின் நடைபெறுவன. ஆகவே பாலஸ்தாபனம் செய்து திருப்பணி வேலைகள் விரைவாக நடக்கும் அதே நாட்களில்தான் மேலே கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். விநதை காத்தது ஆயிரம் ஆண்டு. ஆலய பரிபாலன சபையார் திருப்பணிக்கு நாட்குறிக்கும்போதே மரங்களையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது. கூடு இருந்தால் ஒலிபெருக்கியை அந்த மரத்தில் கட்டாமல் வேறு கம்பத்தில் கட்டலாம்; கொப்பு வெட்டும் வேலையைக் குஞ்சு பறந்தபின் வைத்துக்கொள்ளலாம். மரம் சரிந்து கட்டாயம் வெட்டவேண்டிய நிலை என்றால், கோடரியை எடுக்குமுன் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து அவர்கள் சொற்படி செய்யலாம்.