உடற்குறையும் பெருமிதமும்

உடற்குறை உடையவர் அதனைக் குறித்துப் பெருமிதம் கொள்ளல் தகுமா என்ற வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. 1990 ஒக்டோபரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் உடற்குறையுடையோர் பெருமித நாள் கொண்டாடினர். அதே மாதத்தில் மன்னார்க் கரையின் முசலிப் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். நடக்க வல்லாரும் மாட்டாரும் ஒருங்கே ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. அங்கே ஒலித்த சொல்லை இம்மண்ணில் நிறுத்திப் பார்ப்போம்.

பெருமிதத்தை மறுப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தோரை எண்ணுக. நீரின் அழுத்தத்தாற் செவிப்பறை கிழிதல் அத்தொழிலோடு வந்த தீங்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் சிப்பியின் பெரும்பங்கு அரசைச் சேர்ந்தது. செவிட்டுத்தன்மை முழுவதும் தொழிலாளியைச் சேர்ந்தது. அதனை அவன் பெருமை என்போமாயின் சுரண்டியவனின் கணக்கை நாமே தீர்த்துவைத்தவராவோம்.

ஆயின், பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதார் சைகை மொழியிற் சிந்தித்து, வாதாடி, நகையாடி வாழ்கின்றனர். தம்மிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை, தமக்கென ஒரு மொழியே உண்டு என்பர் அவருட் பலர். இதனை மறுக்க நமக்கு என்ன உரிமை? உடலின் குறை வேறு, சமுதாயம் அதன்மேல் ஏற்றும் தடை வேறு என 1976இல் பிரித்தானியாவின் உடற்குறையுடையோர் அமைப்பொன்று வகுத்துக் காட்டியதும் இங்கே நினைக்கத்தக்கது.

போர் தந்த பெருமையோ வேறு வகையினது. மிதிவெடியிற் காலிழந்த படைவீரன் தென்னிலங்கையில் 'ரணவிரு'. அவனுக்கென 1999இல் தனிச் சட்டமும் அதிகாரசபையும் பிறந்தன. அவ்வாறே காலிழந்த போராளி 2009வரை தன் இயக்கத்தாற் போற்றப்பட்டான்; பின்னர் அதே காலை, விசாரணைக்கு அஞ்சி, மறைக்க வேண்டியவனானான். விறகு பொறுக்கச் சென்று காலிழந்த பெண்ணுக்கோ எப்பக்கத்திலும் பட்டமில்லை. வெட்டுண்ட கால் மூவர்க்கும் ஒன்றுதான். பெருமை காலுக்கு வரவில்லை, கொடிக்கு வந்தது. கொடி சாய்ந்ததும் அதுவும் சாய்ந்தது. காயம்பட்டோரைத் தரம்பிரிக்கும் இப்பெருமையை நாம் ஏற்பதற்கில்லை.

அப்பெண் ஊன்றுகோலுடன் அரச அலுவலகமொன்றின் படிக்கட்டின் கீழ் நின்று, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பொது இடங்களுக்குள் நுழையும் உரிமையைத் தனக்கும் தந்திருக்கச் சாய்தளம் எங்கே எனக் கேட்பாளாயின், அதனைப் பெருமிதம் என்றழைக்க நமக்குத் தயக்கமில்லை. இரக்கத்தை அவள் வேண்டவில்லை, காலை மறைக்கவுமில்லை. வெடியைப் புதைத்தவர் எவர் என்றும் அவளே அடுத்துக் கேட்கக்கூடும்.