திரிகைக் கல்லும் விதைத் தானியமும்



"அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று கடைவீதியில் ஏளனமாய்ப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். கடனை அடைக்க வழியற்றவன் கோர்ட்டில் போடும் திவால் மனு அது. அவனிடமுள்ள அனைத்தையும் பிடுங்கிக்கொள்வதே நியாயமென்று சிலர் எண்ணுகிறார்கள். அது நியாயமா?

நாட்டுச் சட்டமே அதை ஒப்புவதில்லை. 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு சிலவற்றை ஜப்தி செய்யலாகாது என்கிறது. கடனாளியும் மனைவி மக்களும் உடுத்தும் அவசியமான துணிகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி, தொழிலாளியின் கருவிகள், சம்சாரியின் கலப்பை, அவன் குடியிருக்கும் வீடு, பிழைப்புக்கு அவசியமெனக் கோர்ட்டு கருதும் மாடு, விதைத் தானியம். 1920-ம் வருஷத்து மாகாணத் திவால் சட்டமும் இவற்றை அவனுக்கே விட்டுவிடுகிறது. மற்றச் சொத்துக்கள் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும்.

ஏன் இந்தத் தயவு? கரிசல் சம்சாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புரட்டாசி மழை விழும்போது கையில் விதை இல்லையென்றால் அந்த வருஷமே போயிற்று. பிறகு கடன்தான் எப்படி அடைபடும்? திரிகைக் கல்லை ஈடாக வாங்காதே, ஏழை ஈடு வைத்த மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்று மோயீசனின் சட்டமும் விதித்தது. உழைத்துச் சேர்த்தது சொத்து. உழைப்பதற்கு வேண்டியதோ உயிரோடு சேர்ந்தது. கடன் கொடுத்தவருக்குச் சொத்தின்மேல் உரிமையுண்டு, உயிரின்மேல் இல்லை.

கடன்பட்டவருக்கும் ஒரு வார்த்தை. மனுப் போடுமுன் நிலத்தை மைத்துனன் பேருக்கு எழுதிவைப்பது தந்திரமல்ல, களவு. கோர்ட்டு அதை ரத்துச் செய்யலாம். கோர்ட்டு விடுதலை தந்த பின்பும், கையில் வசதி வரும்போது பட்ட கடனைக் கொடுப்பது மனச்சாட்சியின் கடமை.

சட்டம் அமீனாவின் கையைத் தடுக்கிறது. ஆனால் தானாகவே அடகு வைத்த தாலியை அது காப்பதில்லை. கோர்ட்டு வாசலையே மிதியாமல், வட்டிக்கு ஈடாக ஏழையின் ரேஷன் கார்டையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொள்பவரின் கையை யார் தடுப்பது? அங்கே மனச்சாட்சி ஒன்றே அமீனா.

ஆகவே, நம்மில் கடன் கொடுத்தவர்கள் இந்த வாரம் தங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். யாருடைய திரிகைக் கல்லாவது அதிலிருந்தால், பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கட்டும்.