எழுவாய் இல்லாத சமையல் குறிப்பு

தேயிலை 2 கரண்டி, பால் ஒரு குவளை, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஏலக்காய் 2. கொதிக்க வைக்கவும். வடிகட்டவும். மசாலா டீக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருக்கும். வைக்கவும், வடிகட்டவும் என்கிற இந்த வியங்கோளுக்கு எழுவாய் கிடையாது. யார் வைப்பது, யார் வடிகட்டுவது என்று சொல்ல வேண்டியதில்லை. சமையல் குறிப்பை அப்பாவியான எழுத்து என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். யாரை விட்டுவிட்டு அது எழுதப்பட்டது என்று கேட்டால் அறம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய சமையல் குறிப்புகள் பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கின்றன. வயது சுமார் 3,700 ஆண்டு. எழுத்து தெரிந்தவர் கையில்தான் அன்றைக்கும் அடுப்பின் வரலாறு இருந்தது. இங்கே 12ஆம் நூற்றாண்டு மானசோல்லாசம் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் நிற்கிறது. அதில் எலிக்கறிப் பக்குவமும் உண்டு. அரசன் தின்றால் அது நூலில் ஏறும். நம்ம சனம் வயலெலி பிடித்துத் தின்றால் அது சாதிக்கு அடையாளம், வசவுக்குச் சொல். தின்றது ஒன்றுதானே? எழுதப்பட்ட இடம்தான் வேறு.

தேநீருக்கும் இதே கதைதான். 8ஆம் நூற்றாண்டில் சீனாவில் லூ யூ தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். இஞ்சி, வெங்காயத்தாள், புதினா போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கத்தை அதில் சாக்கடைத் தண்ணீர் என்று தள்ளுகிறார். வெள்ளைக்காரன் காலத்தில் 1903இல் தேயிலைக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். டீ போடும் 'சரியான' முறையைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். தெருக்கடைக்காரர் கேட்கவில்லை. விலை கூடிய தேயிலையைக் குறைத்தார், பாலையும் சர்க்கரையையும் கூட்டினார், இஞ்சியைத் தட்டிப் போட்டார். தேயிலை விற்பனை குறையுமே என்று விளம்பரக்காரர்களுக்கு எரிச்சல். அன்றைக்குத் தப்பென்று சொன்ன அந்த டீயைத்தான் இன்றைக்கு நட்சத்திர ஓட்டலில் பட்டியல் போட்டு விற்கிறார்கள். கண்டுபிடித்தவர் பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

"தேயிலை 2 கரண்டி" என்று எழுதுகிறவர் அந்தக் கரண்டிக்குப் பின்னால் உள்ள மலையை எழுதுவதில்லை. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று.

குறிப்பில் இல்லாத இன்னொன்று குவளை. மசாலா, பால், பாய்லர் எல்லாம் ஒன்று. குவளை மட்டும் இரண்டு. எங்க அப்பா தலைமுறையில் ஊர்த்தெருக் கடையில் நமக்குச் சிரட்டை. அப்புறம் அலுமினியக் குவளை, நாமே கழுவிக் கவிழ்த்து வைக்கணும். நான் பள்ளிக்கூடம் போன நாளில் கண்ணாடி கிளாஸ் வந்தது, அடியில் ஒரு பெயிண்ட் பொட்டோடு. இப்போ சில ஊரில் அவங்களுக்குக் கண்ணாடி, நமக்குக் காகிதக் கப். சண்டாளருக்கு உடைந்த பாத்திரத்தில்தான் சோறு என்று எழுதிவைத்தவர் மனு. யார் கையால் உண்ணக்கூடாது என்று அதே நூலில் ஒரு நீண்ட பட்டியலும் உண்டு. இந்த நாட்டில் அதிகம் பேர் பின்பற்றும் சமையல் நூல் மனுஸ்மிருதிதான் என்று சொன்னால் மிகையில்லை.

சுத்தம், ருசி, பக்குவம் என்று சொல்லித் தப்பிப்பவர்கள் 2018ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டு திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அரிசியும் பருப்பும் அரசு கொடுத்தது. அளவும் அரசு எழுதியது. அவங்க கை ஒன்றுதான் அங்கே குற்றமாகிப்போனது.

அப்படியானால் நம் சமையலை நாமே எழுதிவிட்டால் போதுமா? மராத்தியில் ஷாகு பாட்டோலே 2015இல் மகர், மாங் மக்களின் உணவைப் புத்தகமாக எழுதினார். தேவையான வேலை. எழுதாமல் விட்டால் நம் சட்டிச்சோறும் நாளைக்கு வேறொருவர் பேரில் விற்பனைக்கு வரும். ஆனால் எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. அளவை வாங்கிக்கொள்ளும், ஆளைத் துரத்திவிடும். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. ஒரு சாதி வீட்டு அடுப்பு அதன் பிறகு 'தமிழ்ச் சமையல்' என்று பேர் வாங்கிக்கொண்டது. நம்ம வீட்டு அடுப்பை அந்த இடத்தில் தூக்கி வைப்பது மட்டும் விடுதலை ஆகாது. நமக்குள்ளும் சமைக்கிறவள் பேர் விடுபட்டு, எழுதுகிறவன் பேர் நிற்கும்.

ஆகவே எழுதணும், எழுவாயோடு எழுதணும். இலை கிள்ளியவள் யார், நாள் கூலி எவ்வளவு, ஆத்திக் கொடுத்தவர் யார், எந்தக் குவளையில் யாருக்கு, வாசலோடு நிறுத்தப்பட்டவர் யார் என்பதெல்லாம் இஞ்சி, ஏலக்காய்க்குப் பக்கத்தில் வரணும். குறிப்பு நீளும். நீளட்டும்.