பெயர் எழுதாத பராமரிப்பு

ஒரே பெண்ணின் தலையை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்தால், இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாது. தலை சற்றே சாய்ந்திருக்கும். கட்டி வளர்ந்திருக்கிறதா, தலைதான் திரும்பியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் முதலில் படங்களைப் பொருத்த வேண்டும். அதற்காக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று எலாஸ்டிக்ஸ். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் உருவானது. ஒரு படத்தை நிலையானது என வைத்துக்கொண்டு, மற்றதை நகர்த்தி, திருப்பி, தேவைப்பட்டால் வளைத்தும் அதன்மேல் படியவைக்கும். எது அசையாது நிற்கும், எது வளைய வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடும். கல்யாணமான பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எழுதிய நிரல் அப்படியே எல்லோருடைய கணினியிலும் ஓடிவிடாது. லாரி கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வருகிறது, நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிய பிறகுதான் பாரம் ஏற்றுகிறது. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் இந்தப் பட்டறை வேலையைச் செய்பவரை மெயின்டெய்னர், அதாவது பராமரிப்பாளர் என்கிறார்கள். எலாஸ்டிக்ஸ், ஐடிகே என்ற இன்னொரு மென்பொருள் தொகுப்பின்மேல் நிற்கிறது. அது மாறினால் இது உடையும். ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் படித்துப் பதிய வேண்டும். இன்டெல் கணினியில் ஓடுவது ஏஆர்எம் கணினியிலும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிழை என்று யாராவது சொன்னால் திருத்த வேண்டும். மருத்துவ மென்பொருள்களுக்காக 2002 முதல் டெபியன் மெட் என்ற குழு இதைச் செய்துவருகிறது, பெரும்பாலும் சம்பளமில்லாமல். முடிந்தது என்று கை கழுவ முடியாத வேலை. காலையில் துலக்கிய பாத்திரம் மதியம் மறுபடி தொட்டியில் கிடப்பதைப் போல.

டெபியன் என்ற பெயரிலேயே ஒரு பெண் பாதி இருக்கிறார். 1993இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தது அது. ஆனால் உள்ளே பெண்கள் மிகக் குறைவு. அதனால்தான் 2004இல் டெபியன் பெண்கள் என்று தனியாக ஒரு முயற்சி தொடங்க வேண்டியிருந்தது. மாலை நேரத்தை இலவசமாகத் தர, முதலில் மாலை நேரம் கையில் இருக்க வேண்டும். சுதந்திர மென்பொருளைப் பற்றிப் பேசுகிற நம் ஆண் நண்பர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

என்றாலும் அங்கே நடக்கும் ஒரு விஷயத்தை நான் பொறாமையோடு பார்க்கிறேன். ஒவ்வொரு பொதியிலும் பராமரிப்பவரின் பெயரோ குழுவின் பெயரோ எழுதப்பட்டிருக்கிறது. முடியாமல்போனால், இனி என்னால் இதைப் பார்த்துக்கொள்ள இயலாது என்று அவர் பொதுவில் அறிவிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொதியை அநாதை என்று அழைக்கிறார்கள். எனக்குப் பிடிக்காத சொல், விட்டவர்மேல் பழி போடுகிற சொல். ஆனால் யாரும் பழி போடுவதில்லை. பெயரை எடுத்துவிட்டு, தர மேம்பாட்டுக் குழுவின் பெயரை எழுதுகிறார்கள். விருப்பமுள்ளவர் தத்தெடுக்கலாம்.

சேலம் மாவட்டத்துத் தறி வீடுகளில் தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள். தார் இல்லாமல் தறி ஓடாது. சங்கத்தில் உறுப்பினராக இருப்பதும் கூலி வாங்குவதும் பல வீடுகளில் கணவர். நாளை அந்தப் பெண், இனி நான் தார் சுற்ற மாட்டேன் என்றால் அது ராஜினாமா ஆகாது, அடம் ஆகும். எந்த ஏட்டிலும் எழுதப்படாத பெயரை எந்த ஏட்டிலிருந்து எடுப்பது? அங்கீகாரம் என்று நாம் கேட்கும்போது பாராட்டைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அன்னையர் தினத்துக்குப் பூங்கொத்து வருகிறது. விலகும் உரிமை வருவதில்லை. பெயர் எழுதப்பட்டவருக்குத்தான் விலகுதல் என்ற சொல்லே பொருந்துகிறது.

மனிதர்கள் மென்பொருள் பொதிகளா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தத்தெடுக்க ஆளில்லாத பொதியைக் கடைசியில் நீக்கிவிடலாம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமியாரை அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதனால் மருமகளுக்கு அந்த உரிமை கிடையாது என்று ஆகிவிடுமா? டெபியனில் ஒருவர் கீழே வைப்பதை வாங்கிக்கொள்ள ஒரு குழு இருக்கிறது, ஆகவே கீழே வைப்பது கொடுமையாக மாறுவதில்லை. நம் ஊரில் அந்தக் குழு எது?

அதற்கு ஓரளவு கிட்டத்தில் வருவது 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் வருகின்றன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுவருபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட தன்னார்வலர்கள். எல்லோரும் பெண்கள். அவர்களுக்குத் தருவதை அரசு சம்பளம் என்று எழுதுவதில்லை, ஊக்கத்தொகை என்றுதான் எழுதுகிறது.