பக்தியில் பட்ட காயம்

வேறு எந்தத் துயரம் வந்தாலும் மயிலாப்பூர்க்காரர்களுக்குப் போக ஓர் இடம் உண்டு. கற்பகாம்பாள் சந்நிதியில் நின்று அழுதுவிட்டு வரலாம். சாந்தோம் பேராலயத்தில் மெழுகுவத்தி ஏற்றலாம். ஆனால் காயமே அங்கிருந்து வந்திருந்தால்? குரு என்று யார் காலில் விழுந்தோமோ, ஜெபத்தில் யார் நம் தலைமேல் கை வைத்தாரோ, அவரே உடலையோ மனத்தையோ சிதைத்திருந்தால், ஆறுதல் தேடிப் போகும் வாசலே அடைபட்டுப் போகிறது. அதன்மேல் நம் வார்த்தைகளும் விழுகின்றன. "குரு நிந்தனை பண்ணாதே." "உன் கர்மா அவர் மூலமா கழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோ." "வெளியில சொன்னா நமக்குத்தான் அசிங்கம்."

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அடையாற்றுக்குப் போகிறது. 1909-ல் அங்கே கடற்கரையில் ஒரு பையனைக் கண்டார், பிரம்மஞான சபையின் லெட்பீட்டர். தாயில்லாத பிள்ளை, மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று அடி வாங்கிக்கொண்டிருந்தவன். உலக குரு இவனுக்குள்தான் இறங்கப் போகிறார் என்று சபையில் முடிவானது. அவனை யாரும் கேட்கவில்லை. 1911-ல் அவனை மையமாக வைத்து ஓர் அமைப்பே எழுந்தது. அவனையும் அவன் தம்பியையும் திருப்பித் தரும்படி தந்தை நாராயணய்யா 1912-ல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார், லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார்.

சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அந்தப் பையனை மகனாகவே நேசித்தார். அவனும் அவரை 'அம்மா' என்றே அழைத்தான். அன்பும் சுமையும் ஒரே கையிலிருந்து வந்தன. காயப்பட்டவர்கள் பலர் "அவர் எனக்கு நல்லதும் செஞ்சாரே" என்று தடுமாறுவது இதனால்தான். அந்தத் தடுமாற்றத்தோடு நாம் வாதாட வேண்டியதில்லை. அதுவும் உண்மைதான்.

அந்தப் பையன்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தம்பி நித்யாவைச் சபை போற்றிய மகான்கள் காப்பாற்றுவார்கள் என்று அவர் முழுமனதாக நம்பினார். 1925 நவம்பரில் இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, தம்பி இறந்த செய்தி தந்தியில் வந்தது. இரவெல்லாம் அழுதார். 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமன் நகரில், தம்மைத் தலைவராக வைத்த அமைப்பைத் தாமே கலைத்தார். பெசன்ட் 1933-ல் மறைந்தபின், ஆற்றின் இந்தப் பக்கம் கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் தங்கிப் பேசுவார். அக்கரையிலிருந்த சபையின் தோட்டத்துக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. 1980-ல் அப்போதைய சபைத் தலைவர் ராதா பர்னியர் அழைக்க, 47 ஆண்டுகளுக்குப் பிறகு உள்ளே போனார். மரங்களிடையே நடந்து கடற்கரைக்குப் போனார். உறுப்பினராக மறுபடி சேரவில்லை. அத்தனை காலமும் யாராவது அவரை "ஒரு தடவை வந்துட்டுப் போங்க, எல்லாம் சரியாயிடும்" என்று இழுத்திருந்தால் அந்த நடை நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவர் கதையில் குற்றவாளிக் கூண்டு இல்லை. அது இருந்த கதையும் நம்மிடம் உண்டு. திருச்சி அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு, 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஓர் இளைஞரின் கொலைக்கும் 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் அவர் குற்றமற்றவர் என்றே நம்பிய பக்தர்கள் இருந்தார்கள். சாட்சி சொன்ன பெண்ணுக்கு அந்த நம்பிக்கை இரண்டாவது அடி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், இப்படிப்பட்ட ஒரு பக்திக் குழுவிலிருந்து மீண்டு மாட வீதி அருகே தாய்வீட்டுக்கு வந்தாள். அறுபத்துமூவர் அன்று தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கற்பூர வாசனைக்கே மூச்சு முட்டியது. திருநீறு பூச வந்த அம்மாவின் விரலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா அழுதார். மந்தைவெளியிலிருந்து வந்த அத்தைதான், "விடு மன்னி, அவளுக்கா தோணும்போது தோணட்டும்" என்றார். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் கற்பூரம் இல்லை, நல்லெண்ணெய் விளக்கு மட்டும். ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அத்தை கையை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டபின் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் இப்பவும் ஃபோன் பண்றானா?"

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய நூலும் இதையே முதலில் வைக்கிறது. முதலில் பாதுகாப்பு. அதன் பிறகே நினைவும் அழுகையும். அதற்கும் பிறகே மனிதர்களோடு மறுபடி சேர்தல். அத்தை அதைப் படித்தவர் இல்லை.

நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். முதல் வாரமே மன்னிக்கச் சொல்கிறோம். இன்னொரு நல்ல குருவின் முகவரி தருகிறோம். சிலர் "இதுக்குத்தான் சாமியே கிடையாதுன்னு சொன்னேன்" என்று எதிர்த்திசையில் இழுக்கிறார்கள். அதுவும் இழுப்புதான். ஏற்கெனவே ஒருவர் அவள் மனத்தைத் தம் இஷ்டத்துக்கு வளைத்தாயிற்று. ஒன்றரை வருஷம் கழித்து அவள் கோலம் போட்டாலும், போடாமலே இருந்தாலும், அந்த முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அவள் விலகி நிற்பதால் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. அவள் நிற்கும் தூரத்திலும் அதே தெய்வம் இருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் இது என் நம்பிக்கை. அவள் கேட்காமல் இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

இரவு தாங்க முடியாமல் போனால் பேச ஆள் வேண்டும். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சினேகா' இதே தென்சென்னையில்தான் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதே அங்குள்ள தொண்டர்களின் வேலை. அரசின் டெலி மானஸ் எண் 14416. காயப்பட்டது குழந்தை என்றால் 1098-க்குச் சொல்லிவிட வேண்டும், குடும்ப மானம் என்று ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. போலீஸுக்கோ மருத்துவரிடமோ அவள் போக நினைத்தால் கூடப் போங்கள். அவள் உள்ளே கூப்பிடாவிட்டால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.