பிழைத்தலும் ஆதலும்

சீடன்: சுவாமி, சாகவிருக்கும் உயிரணுவைச் சாகாமல் தடுத்துவிட்டால் அது நரம்பணு ஆகிவிடுமா?

குரு: அவசரப்படாதே, மகனே. முதலில் கோழிக்கருவைப் பார். 1934-இல் விக்டர் ஹாம்பர்கர் அதன் சிறகு அரும்பை வெட்டியெடுத்தார். அந்தச் சிறகுக்குப் போகவேண்டிய நரம்பணுக்கள் தண்டுவடத்தில் குறைந்துபோயின. நீ என்ன முடிவுக்கு வருவாய்?

சீடன்: சிறகு இல்லாததால் அவை உருவாகவே இல்லை என்பேன்.

குரு: அவரும் அப்படித்தான் எண்ணினார். இத்தாலியின் இனவெறிச் சட்டத்தால் பல்கலைக்கழகத்தை இழந்த ரீட்டா லெவி-மோன்டால்சினி, தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, அதே சோதனையை நாள்வாரியாகப் பார்த்தார். நரம்பணுக்கள் உருவாயின, இழைகளை நீட்டின, பிறகுதான் மடிந்தன.

சீடன்: ஆகாமல் போனதும் ஆகி மடிந்ததும், கடைசியில் எண்ணும்போது ஒன்றுபோலவே தெரியுமே!

குரு: அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

சீடன்: ஆனால் அவர் பின்னாளில் கண்டறிந்த நரம்பு வளர்ச்சிக் காரணி, காப்பது, ஆக்குவது இரண்டையும் செய்கிறதே?

குரு: செய்கிறது. பிரித்தும் பார்க்கலாம். எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்து 1976-இல் அறிவிக்கப்பட்ட பிசி12 உயிரணுக்கள், சீரம் கலந்த ஊட்டநீரில் பிழைத்துப் பெருகிக்கொண்டே இருக்கும், நரம்பணுபோல் ஆகா. காரணியைச் சேர்த்தால் சில நாட்களில் பெருக்கத்தை நிறுத்தி, நீண்ட இழைகளை விடும். சீரத்தை எடுத்துவிட்டாலோ, அதே காரணி அவற்றைச் சாகாமலும் காக்கும்.

சீடன்: அப்படியானால் சாவைத் தடுப்பதால் மட்டும் ஒரு நரம்பணுகூடப் புதிதாய்க் கிடைக்காதா?

குரு: கிடைத்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் இருபாற் புழு வளரும்போது 131 உயிரணுக்கள் விதிப்படி மடிகின்றன. செட்-3 மரபணு பழுதானால் அந்தச் சாவு நிகழ்வதில்லை. இந்தப் புழுவின் தொண்டையில் எம்4 என்றொரு நரம்பணு உண்டு. அது அழிந்தால் புழுவால் இரையை விழுங்க முடியாது. எம்4-இன் உடன்பிறந்த உயிரணுவோ, இயல்பான புழுவில் பிறந்த சிறிது நேரத்திலேயே மடிந்துவிடும். 1987-இல் ஏவரி, ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர்கள், செட்-3 பழுதான புழுக்களில் எம்4-ஐ லேசரால் அழித்தார்கள். சில புழுக்கள் தொடர்ந்து விழுங்கின. சாகவேண்டிய தங்கை, அக்காளின் வேலையை ஏற்றிருந்தாள்!

சீடன்: அந்த வேலையை அவளுக்குக் கற்பித்தது யார், சுவாமி?

குரு: எவரும் புதிதாய்க் கற்பிக்கவில்லை. அக்காளுடன் பிறந்தபோதே அந்த ஆற்றல் ஓரளவு அவளிடம் இருந்தது. அது வெளிப்படுமுன் சாவு முந்திக்கொண்டிருந்தது. பிசி12-க்கு வெளியிலிருந்து காரணி வந்து தூண்டவேண்டியிருந்தது. இவளுக்கு உயிரோடிருக்க நாள் கிடைத்ததே உதவியாயிற்று. அதுவும் எல்லாப் புழுக்களிலும் அன்று.

சீடன்: ஆக, சாவைத் தடுப்பது நரம்பணுவை ஆக்குவதில்லை, ஆகும் இயல்பு உள்ளே இருந்தால் அதற்கு இடம் விடுகிறது.

குரு: சரியாகப் பிடித்தாய். மூளை நோய்க்கு மருந்து தேடுவோர் உயிரணுக்களைக் காப்பாற்றிவிட்டோம் என்றால், மனமார மகிழ்ச்சி கொள். அதன்பின், அவை எதோடு இணைந்தன, என்ன வேலை செய்கின்றன என்று தவறாமல் கேள்.